ஓட்டமும் ஓய்வும்: வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் வரலாறு

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்போரிடம் வரும் முறையீடுகளில் மிகப் பழையதும் இன்றளவும் மாறாததுமான ஒன்று, பெட்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ‘கட் ஆஃப்’ ஆவதில்லை என்பதாகும். இந்த முறையீட்டின் பொருளை முழுமையாக உணர வேண்டுமானால், இடையிடையே நின்று ஓய்வதே இப்பெட்டியின் இயல்பு என்னும் எண்ணம் எப்போது உருவானது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனெனில் குளிரை உண்டாக்கும் இயந்திரத்துக்கு முதல் காப்புரிமை வழங்கப்பட்டு எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரே, தானாக நிற்கவும் தானாகத் தொடங்கவும் வல்ல இயந்திரம் வீடுகளுக்குள் நுழைந்தது. அந்தத் தன்கட்டுப்பாட்டைத் தாங்கி நிற்கும் உறுப்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நெருக்கடியின் விளைவாகப் பெட்டியில் வந்து சேர்ந்தவை. அவற்றுள் எது தளர்ந்தாலும் வீட்டார் காண்பது ஒரே அறிகுறியைத்தான்.

இயந்திரம் வருவதற்கு முன் வெப்ப நாடுகளின் செல்வர் இல்லங்களுக்குக் குளிர் தந்தது கப்பலில் வந்த பனிக்கட்டியாகும். பாஸ்டன் நகர வணிகரான ஃபிரெடரிக் டியூடர் 1806-இல் மார்ட்டினிக் தீவுக்குத் தம் முதல் சரக்கை அனுப்பி, நட்டத்தையும் கடனுக்கான சிறைவாசத்தையும் கடந்து, 1833-இல் ‘டஸ்கனி’ என்னும் கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகும் அதில் 100 டன் அளவுக்கு உருகாமல் கரை சேர்ந்தது. 1840-களின் தொடக்கத்தில் இப்பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக மதராஸ் கடற்கரையில் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸ், பிற்காலத்தில் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாக மாறி, 1897-இல் விவேகானந்தர் அங்குத் தங்கியதன் நினைவாக இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயருடன் நிற்கிறது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த அதன் இணைக் கட்டடங்கள் மறைந்துவிட்டன.

பனிக்கட்டிக்குக் கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. முற்றிலும் உருகித் தீரும்வரை அதன் வெப்பநிலை 0 டிகிரியிலேயே நிலைத்திருக்கிறது. பெட்டிக்குள் வெப்பம் மிகுதியாக நுழைந்தால் அது மிகுதியாக உருகும். குறைவாக நுழைந்தால் குறைவாக உருகும். இவ்வாறு தேவைக்கேற்பத் தன் வேலையைத் தானே அளந்துகொள்ளும் பண்பு, பின்னர் வந்த இயந்திரத்துக்கு இயல்பாக வாய்க்கவில்லை. கதவு சரியாக மூடாத ஐஸ் பெட்டியின் குறை, அடித்தட்டில் விரைந்து நிரம்பிய உருகுநீரால் வெளிப்பட்டது. இன்றைய பெட்டியில் அதே குறை, ஓயாத ஓட்டமாகவும் உயரும் மின்கட்டணமாகவும் வெளிப்படுகிறது. குளிர்பதனத் துறையினர் இன்றும் ஓர் இயந்திரத்தின் திறனை ‘டன்’ என்று அளக்கும்போது, ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி உள்வாங்கும் வெப்பத்தையே, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட்டையே, குறிக்கின்றனர்.

ஆவியாகும் நீர்மம் தன்னைச் சுற்றியுள்ள பொருளிலிருந்து வெப்பத்தைக் கவர்கிறது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கல்லன் ஈதரைக் கொண்டு செய்துகாட்டினார். அவ்வாறு ஆவியானதை வீணாக்காமல் மீண்டும் அமுக்கி, குளிர்வித்து, நீர்மமாக்கிச் சுற்றுக்கு விடும் இயந்திரத்துக்கு 1834-இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்றைய வீட்டுப் பெட்டியும் அதே நான்கு உறுப்புகளால் ஆனதுதான்: ஆவியை அமுக்கும் கம்ப்ரசர், அமுக்கப்பட்ட ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு நீர்மமாகும் கன்டென்சர், நீர்மத்தின் ஓட்டத்தை நெருக்கி அழுத்தத்தைக் குறைக்கும் மெல்லிய கேபிலரிக் குழாய், அழுத்தம் குறைந்த நீர்மம் மீண்டும் ஆவியாகிப் பெட்டியின் உள்வெப்பத்தைக் கவரும் கூலிங் காயில். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசனும் ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டேயும் இம்முறையைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தனர். 1870-களில் மதராஸிலும் கல்கத்தாவிலும் நீராவியால் இயங்கும் பனிக்கட்டி ஆலைகள் தோன்ற, அமெரிக்கப் பனிக்கட்டியின் இந்திய வணிகம் சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. அந்த ஆலைகளில் எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை வெப்பமானியையும் அழுத்தமானியையும் பார்த்துக்கொண்டிருந்த பணியாளரே முடிவு செய்தார். வீட்டில் அத்தகைய பணியாளரை வைக்க இயலாது என்பதே, குளிர் இயந்திரம் வீட்டுக்குள் நுழைவதை நெடுங்காலம் தடுத்த தடைகளுள் தலையாயது என்று கருத இடமுண்டு.

வெப்பத்தை உணர்ந்து தானே செயல்படும் கருவி புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு நாட்டவரான கொர்னேலிஸ் டிரெபெல், முட்டைகளை அடைகாக்கும் அடுப்பின் சூட்டைப் பாதரசத்தின் விரிவைக் கொண்டு கட்டுப்படுத்தினார். 1830-இல் ஆண்ட்ரூ யூர், சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரு உலோகப் பட்டைகளை ஒட்டிச் செய்த கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இவ்வறிவு மின்மோட்டாருடன் இணைந்து வீட்டுக் குளிர்பெட்டியில் பயன்படுவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1913-இல் சிகாகோவில், இருக்கும் ஐஸ் பெட்டியின் மேலேயே பொருத்தத்தக்க ‘டோமெல்ரே’ என்னும் மின்கருவி விற்பனைக்கு வந்தது. 1918-இல் கெல்வினேட்டர் நிறுவனம் தானியங்கிக் கட்டுப்பாடு கொண்ட பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பிற்காலத்தில் நிலைபெற்று, இன்றும் ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் காணப்படும் தெர்மோஸ்டாட் எளிய அமைப்புடையது. சிறிதளவு வாயு அடைக்கப்பட்ட மெல்லிய செம்புக் குழாயின் முனை கூலிங் காயிலோடு ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். காயில் குளிரும்போது குழாயினுள் உள்ள அழுத்தம் குறைந்து, மறுமுனையிலுள்ள துருத்தி சுருங்கி, மின்தொடர்பைத் துண்டிக்கும். காயில் மீண்டும் ஒரு குறிப்பிட்ட அளவு சூடேறிய பின்னரே தொடர்பு இணையும்; துண்டிக்கும் வெப்பநிலைக்கும் இணைக்கும் வெப்பநிலைக்கும் இடையே வேண்டுமென்றே விடப்பட்ட அந்த இடைவெளிதான் கம்ப்ரசருக்குக் கிடைக்கும் ஓய்வு. இக்கருவி காற்றின் குளிரையோ பாலின் குளிரையோ அளப்பதில்லை, தன் முனை தொட்டிருக்கும் உலோகத்தின் குளிரையே அளக்கிறது. அம்முனை பிடிப்பிலிருந்து நழுவிவிட்டால், உள்ளே காய்கறி உறைந்து கல்லாகும் நிலையிலும் கம்ப்ரசருக்கு நிறுத்தும் ஆணை வந்து சேராது. மின்தொடர்பின் முனைகள் பொறியால் உருகி ஒட்டிக்கொண்டாலும் விளைவு இதுவே.

ஓய்வு கிடைப்பதற்கு அடிப்படையான காரணம், இயந்திரத்தின் திறன் பெட்டியின் தேவையைவிட மிகுதியாக அமைக்கப்பட்டிருப்பதாகும். சுவர்கள் வழியாகவும் கதவின் விளிம்பு வழியாகவும் கசியும் வெப்பம், உள்ளே வைக்கப்படும் சூடான உணவு, கதவைத் திறக்கும்போது நுழையும் ஈரக்காற்று ஆகியவை சேர்ந்து தேவையாகின்றன. அத்தேவை இயந்திரத் திறனில் பாதியாக இருந்தால் கம்ப்ரசர் ஏறத்தாழப் பாதி நேரம் ஓடும், திறனுக்குச் சமமாகிவிட்டால் ஒருபோதும் நிற்காது. ஆகவே நிற்காத பெட்டி ஒன்றில் தேவை கூடியிருக்க வேண்டும், அல்லது திறன் குறைந்திருக்க வேண்டும், அல்லது இரண்டும் உரிய அளவில் இருந்தும் தகவல் சொல்லும் தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்க வேண்டும். உள்ளே இருப்பது மிகுதியாக உறைந்திருந்தும் ஓட்டம் நிற்கவில்லையெனில் தெர்மோஸ்டாட்டையும், குளிர் போதாமலேயே ஓடுகிறதெனில் முதலிரண்டையும் ஐயுற வேண்டும் என்னும் பாகுபாடு பழுதுபார்க்கும் தொழிலின் முதற்பாடமாகும்.

திறன் குறைவதற்கான காரணங்களுள் வரலாற்றுச் செறிவு மிக்கது வாயுக் கசிவு. 1920-களின் பெட்டிகளில் கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா ஆகியவை குளிரூட்டிகளாகப் பயன்பட்டன. அவை யாவும் நச்சுத்தன்மை உடையவை. மோட்டார் வெளியே இருந்து பட்டையின் வழியே கம்ப்ரசரைச் சுழற்றிய அக்கால அமைப்பில், சுழல்தண்டு உள்ளே நுழையும் இடத்தில் கசிவைத் தடுப்பது பெரும்பாடாக இருந்தது. 1927-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட ‘மானிட்டர் டாப்’ என்னும் பெட்டி, மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஒரே எஃகுக் கலத்துக்குள் வைத்து மூடிவிட்டதால் இச்சிக்கல் பெரிதும் தீர்ந்தது. எனினும் மற்றப் பெட்டிகளில் விபத்துகள் தொடர்ந்தன. 1929-இல் சிகாகோவில் மெத்தில் குளோரைடு கசிவால் பலர் உயிரிழந்தனர். பெர்லினில் ஒரு குடும்பம் இவ்வாறு மாண்ட செய்தியைப் படித்தே ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் அசையும் உறுப்புகள் இல்லாத குளிர்பெட்டியை வடிவமைக்க முற்பட்டதாகக் கூறப்படுகிறது. அவ்விருவருக்கும் 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தபோதிலும் அவர்களுடைய பெட்டி கடைக்கு வரவில்லை.

சந்தையை வென்றது வேறொரு தீர்வு. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டறிந்து, சில ஆண்டுகளில் ஃபிரியான் என்னும் பெயரில் பரவிய குளோரோஃபுளோரோகார்பன், எரியாதது, நச்சற்றது, மணமற்றது. இம்மாற்றத்தால் வீடுகள் பாதுகாப்புப் பெற்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் மற்றொரு விளைவு போதிய கவனம் பெறவில்லை. கந்தக டை ஆக்சைடு கசிந்த கணமே அதன் நெடி மூக்கைத் துளைத்து வீட்டாரை வெளியே விரட்டியது. ஃபிரியான் கசிந்தாலோ யாருக்கும் தெரியவில்லை. வாயு குறையக் குறையக் கூலிங் காயிலின் தொடக்கப்பகுதி மட்டும் பனி படர, எஞ்சிய பகுதி சூடாகவே இருக்க, தெர்மோஸ்டாட்டின் முனை துண்டிக்கும் வெப்பநிலையை எட்டாமல் போக, கம்ப்ரசர் இரவும் பகலும் ஓடியது. கசிவைத் தெரிவிக்கும் பொறுப்பு இவ்வாறு மணத்திடமிருந்து ஓட்டத்துக்கு மாறியது. ஓயாத ஓட்டம் ஒரு நோய்க்குறியாக மதிக்கப்படத் தொடங்கியதற்கு இம்மாற்றமே முதன்மைக் காரணம் எனலாம்.

இதே காலத்தில், நிற்கவே தேவையில்லாத குளிர்பெட்டியும் வழக்கில் இருந்தது. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகியோர் 1922-இல் உருவாக்கி, பின்னர் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வாங்கி விற்ற உட்கவர் முறைப் பெட்டியில் கம்ப்ரசர் இல்லை. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவற்றைச் சிறு சுடர் ஒன்று சூடேற்றிச் சுற்றவைத்தது. மண்ணெண்ணெயில் எரிந்த அச்சுடரை ஏற்றலாம், இறக்கலாம். அணைத்துவிட்டால் குளிரும் மெல்ல மெல்லப் போய்விடும். மின்சாரம் எட்டாத மலைத்தோட்டப் பங்களாக்களிலும் மருத்துவமனைகளிலும் பயன்பட்ட இவ்வகைப் பெட்டியைப் பொறுத்தவரை, இடைவிடாத ஓசையற்ற எரிதலே உடல்நலத்தின் அடையாளமாக இருந்தது.

கதவின் வரலாறு துயரம் தோய்ந்தது. பழைய பெட்டிகளின் கதவுகள் கனமான தாழ்ப்பாளால் இறுக மூடப்பட்டன. அவை உள்ளிருந்து திறக்க இயலாதவை. தூக்கியெறியப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்த நிகழ்ச்சிகள் தொடர்ந்ததால், 1956-இல் அமெரிக்கா குளிர்சாதனப் பெட்டிப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, உள்ளிருந்தும் எளிதில் திறக்கத்தக்க கதவைக் கட்டாயமாக்கியது. தாழ்ப்பாளின் இடத்தைக் காந்தப் பட்டை பொதிந்த ரப்பர் விளிம்பு, அதாவது ‘கேஸ்கட்’, பிடித்துக்கொண்டது. குழந்தைகளின் உயிர்காத்த இம்மாற்றத்தைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயினும் இரும்புத் தாழ்ப்பாள் செய்த இறுக்கும் வேலையை இளகிய பட்டையொன்று ஏற்றுக்கொண்டதால், அது வெடித்தாலோ, மடிந்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கேறி விறைத்தாலோ வெளிக்காற்று உள்ளே புகுந்து பெட்டியின் தேவையை உயர்த்திவிடுகிறது. கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, தடையின்றி உருவ முடிகிறதா என்று சுற்றிலும் பார்ப்பதே இதற்குரிய எளிய சோதனை.

இந்தியாவில் 1958-இல் கோத்ரெஜ் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பைத் தொடங்கியது. கெல்வினேட்டர், ஆல்வின், வோல்டாஸ் முதலிய பெயர்களும் பின்வந்த பதின்ம ஆண்டுகளில் வீடுகளில் வழங்கலாயின. மிதமான தட்பவெப்பத்துக்கென உருவான வடிவம் இங்கு வேறு நிலைமைகளைச் சந்தித்தது. பெட்டியின் பின்புறத்தில் கறுப்புக் கம்பிவலையாகத் தெரியும் கன்டென்சர், தன்னைச் சூழ்ந்த காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பத்தை வெளியேற்ற முடியும்; சுவரோடு சுவராகப் பெட்டியைத் தள்ளி வைத்தாலோ, கம்பிகளில் தூசும் அடுக்களைப் புகையும் படிந்தாலோ, அக்கினி நட்சத்திரக் காலத்தில் அறையே 38 டிகிரியைத் தாண்டினாலோ அதன் திறன் சரிகிறது. பன்னாட்டுத் தர விதிகள் இதனைக் கருதியே பெட்டிகளைத் தட்பவெப்ப வகைகளாகப் பிரித்து, ‘என்’ வகைக்கு 32 டிகிரி வரையும், ‘எஸ்டி’ வகைக்கு 38 டிகிரி வரையும், ‘டி’ வகைக்கு 43 டிகிரி வரையும் சுற்றுப்புற வெப்பத்தை வரையறுத்துள்ளன. தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலவிய பல மணிநேர மின்வெட்டுகளின் பின்னே, மின்சாரம் திரும்பியதும் பெட்டிகள் நெடுநேரம் நில்லாமல் ஓடியது பழுதன்று, இழந்த குளிரை மீட்கும் முயற்சியே.

பனி படிவதும் இவ்வெப்ப ஈர நிலத்தில் மிகுதி. கூலிங் காயிலின் மேல் தடிக்கும் பனி வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிவிடுவதால், அதைக் கரைக்கும் ‘டிஃப்ராஸ்ட்’ பொத்தானை அழுத்துவது பல வீடுகளில் வழக்கமான கடமையாக இருந்தது. 1990-களில் இந்தியச் சந்தையில் பரவிய ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ பெட்டிகள், மறைவாக வைத்த காயிலில் சேரும் பனியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீட்டரால் கரைத்து, விசிறியால் குளிர்காற்றை இரு அறைகளுக்கும் பரப்பி, இக்கடமையை நீக்கின. ஹீட்டரோ அதை இயக்கும் டைமரோ செயலிழந்தால், பலகைக்குப் பின்னே பனி பாறையாக இறுகிக் காற்றின் வழியை அடைக்கிறது. கீழ் அறை சூடேற, கம்ப்ரசர் ஓயாது ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிந்த பனி மறைந்தபோது, அதன் பழுதும் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

அண்மைக் கால மாற்றம் முறையீட்டையே மறுவரையறை செய்யக் கோருகிறது. ‘இன்வெர்ட்டர்’ வகைக் கம்ப்ரசர், முழு வேகத்தில் ஓடி முழுமையாக நிற்பதற்கு மாறாக, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நெடுநேரம் மெதுவாக ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும்போது ஏற்படும் மின்னிழப்பு இதில் குறைவதால், இடைவிடாது ஓடியும் இது குறைந்த மின்சாரமே கொள்கிறது. 2006-இல் தொடங்கி, ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகளுக்கு 2010 முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்திய நட்சத்திரக் குறியீடு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதையே கணக்கிடுகிறது. எத்தனை முறை நின்றது என்பதை அன்று. உருகும் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்ட பனிக்கட்டியின் பண்பை இயந்திரம் அடைந்திருப்பது இப்போதுதான். எனவே இவ்வகைப் பெட்டி நிற்கவில்லை என்பதை மட்டும் கொண்டு அதைத் திறந்து பார்ப்பது தவறாகும். உள்ளே குளிர் சரியாக இருக்கிறதா, மின்கட்டணம் உயர்ந்திருக்கிறதா என்பவையே உரிய அளவுகோல்கள்.

பழுதுபார்க்கும் தொழிலில் மாறாமல் நீடிக்கும் ஒரு பழக்கம் மட்டும் வருந்தத்தக்கது. குளிர் குறைந்த பெட்டி எதுவாயினும், கசிவைத் தேடாமலேயே ‘கேஸ் சார்ஜ்’ செய்து அனுப்புவது ஃபிரியான் மலிவாகவும் தீங்கற்றதாகவும் எண்ணப்பட்ட காலத்தில் வேரூன்றியது. 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அவ்வாயு ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எச்சரித்தனர். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1992-இல் இந்தியா அதில் இணைந்தது. ஃபிரியான் வகையான ஆர்-12 விலகி, ஆர்-134ஏ வந்து, அதுவும் புவி வெப்பமாதலுக்குத் துணைபோவதால் ஒதுக்கப்பட்டு, இன்றைய புதிய வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் எனப்படும் ஆர்-600ஏ நிரப்பப்படுகிறது. இது எரியும் வாயு. ஆர்-12-ஐப் போலவே மணத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்காதது. காயிலில் பனி படரும் எல்லையைக் கண்ணால் பார்த்தும் குழாயைக் கையால் தொட்டும் உத்தேசமாக நிரப்பிய பழைய முறை இதற்கு ஒருபோதும் பொருந்தாது. ஆகவே நிற்காமல் ஓடும் பெட்டிக்கு வாயு நிரப்பச் சொல்வதற்கு முன் கேஸ்கட்டும் கன்டென்சரும் தெர்மோஸ்டாட்டும் சோதிக்கப்பட்டனவா என்று வீட்டார் கேட்க வேண்டும். வாயு உண்மையிலேயே குறைந்திருந்தால், கசிந்த இடத்தை அடைத்து, குழாய்களை வெற்றிடமாக்கி, தராசில் நிறுத்தே நிரப்பித் தருமாறு வற்புறுத்த வேண்டும். ஆர்-600ஏ வீட்டுப் பெட்டியில் 150 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு விதி. ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய அளவு அதன் தகட்டிலேயே கிராம் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது.